வலது முழங்காலில் வீக்கம்

இடது கட்டைவிரலை மூன்று தடவை வைத்தும் அந்தச் சின்னக் கருவி சிவப்பு விளக்கையே காட்டியது. ஓய்வூதியம் வாங்குகிறவன் உயிரோடுதான் இருக்கிறான் என்று வருடத்துக்கு ஒரு முறை அரசாங்கத்துக்கு நிரூபிக்க வேண்டும். அதற்காக மாப்பிள்ளையூரணியில் எங்கள் தெருமுனையில் இருக்கும் கணினிக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரப் பெண், "ரேகையே விழ மாட்டேங்கு தாத்தா, நல்லாத் தொடச்சிட்டு வையுங்க" என்றாள். பக்கத்தில் யாருக்காகவோ மைப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். அந்த ஊதா மையின் வாசனை மூக்கில் ஏறியதும் நான் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். வயதாகிவிட்டால் ரேகை தேயத்தான் செய்யும் என்று அவள் ஆறுதல் சொன்னாள். நான் உம்மை நினைத்துக்கொண்டேன், வே.

நீர் கண்ணை மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. உமக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. எதையும் எழுத்தில் வைக்கக் கூடாது என்பது நம் இருவருக்கும் இடையே இருந்த ஒப்பந்தம். முப்பத்திரண்டு வருடம் சிறைக் காவலனாக இருந்தபோது எழுதத் தெரியாத கைதிகளுக்காக எத்தனையோ கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெண்டாட்டிக்கு, மாமனாருக்கு, நீதிபதிக்கு, ஒருவன் கேட்டானே என்று மாதாவுக்குக்கூட. அடுத்தவன் துக்கத்தை எழுதுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. என்னுடையதை எழுத உட்கார்ந்தால்தான் பேனா நகர மறுக்கிறது.

நான் வேலை பார்த்த கிளைச் சிறையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. உமக்குத் தெரியும், மற்றவர்களுக்கு வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் அதன் வாசலில் மனு வரிசை நிற்கும். உள்ளே இருக்கும் மகனையோ புருசனையோ கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று பத்து நிமிடம் பார்ப்பதற்கு மனு பார்ப்பது என்று பெயர். நீர் வெள்ளைச் சட்டையும் துணிப்பையுமாக அந்த வரிசையில் வந்து நிற்பீர். உம் முறை வரும்போது விலகி, மறுபடியும் கடைசியில் போய் நின்றுகொள்வீர். மூன்றாவது வாரம் பொறுக்காமல், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். "யாரையும் இல்ல அண்ணாச்சி. இங்கன நிக்கிறவங்களப் பாக்கத்தான் வாரேன்" என்றீர். மறை கழன்ற கேஸ் என்று முடிவு செய்தேன். எங்கள் காவலர்கள் உமக்கு 'மனு சார்' என்று பெயர் வைத்தார்கள்.

உம் கதையை உமக்கே சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான். ஆனாலும் எனக்குப் பிடித்த பகுதி அது ஒன்றுதான், சொல்லிக்கொள்கிறேன். நாசரேத்தில் உம் அப்பா, அம்மா, இரண்டு அக்காமார் எல்லாரும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். நீர் மட்டும் தூத்துக்குடிக்கு வந்து ஒரு நாளிதழில் நிருபராகச் சேர்ந்தீர். துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் வந்தது, எது போனது என்று எழுத வேண்டிய வேலை. நீர் கப்பலை விட்டுவிட்டுச் சிறையைப் பிடித்துக்கொண்டீர். ஜாமீன் கிடைத்தும் பிணை நிற்க ஆளில்லாமல் எட்டு மாதம் உள்ளே கிடந்தவனைப் பற்றி எழுதினீர். பெண்கள் பிரிவில் மாதவிலக்குக்குப் பழைய போர்வையைக் கிழித்துக் கொடுத்ததை எழுதினீர். உம் பத்திரிகை ஆசிரியர் உம்மை விளம்பரப் பிரிவுக்குத் தூக்கியடித்தார். ஆறு மாதம் கண்ணீர் அஞ்சலி விளம்பரம் வாங்கிவிட்டு வேலையை உதறினீர். அப்புறம் ஒரு வார இதழ், அதையும் மூடியபின் ஓர் இணைய இதழ். வருமானம் குறையக் குறைய உம் வாய் மட்டும் நீண்டுகொண்டே போனது.

விடுதலையாகி வருகிறவர்களிடம் நீர் உடனே கேள்வி கேட்க மாட்டீர். சிறை வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை அவர்கள் நடப்பதைப் பின்னால் நின்று பார்ப்பீர். "சட்டையக் கழத்திக் காட்டுன்னு கேக்க முடியுமா அண்ணாச்சி? நடையே சொல்லிரும்" என்பீர். எவனுக்கு இடுப்பில் அடி, எவனுக்கு உள்ளங்காலில் அடி என்று நீர் தூரத்திலிருந்தே சொல்வது பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர். அடிக்கும்போது நான் அங்கேதானே நின்றிருப்பேன்.

நான் ஏன் உமக்குச் செய்தி சொல்ல ஆரம்பித்தேன்? நல்லவன் என்பதால் என்று நீர் நினைத்திருந்தால் அது உம் தப்பு. எங்கள் அப்பா சங்கு குளித்தவர், மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போய் வந்தவர். அண்ணன்மார் இருவருக்கும் அதே தொழில். நான் கடலுக்குப் பயந்துதான் காக்கி உடுத்தேன். வீட்டில் என்னை ஆளாகவே மதித்ததில்லை. நான் சொன்ன சங்கதி, 'சிறை வட்டாரத்திலிருந்து கிடைத்த தகவல்' என்று அச்சில் வந்து, அதைப் படித்துவிட்டு ஜெயிலர் வியர்த்து நிற்பதைப் பார்த்தபோது எனக்கு முதல் தடவையாக நெஞ்சு நிமிர்ந்தது. அந்த ருசிக்காகத்தான் பதினான்கு வருடம் சொன்னேன்.

உம் கைபேசியில் என் எண்ணுக்கு 'உடன்குடி கருப்பட்டி' என்று பெயர். நான் கூப்பிட்டு, சரக்கு வந்திருக்கிறது என்று சொன்னால், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கடற்கரையில் சந்திப்போம். ஒரு தடவை உம் மனைவி கைபேசியைப் பார்த்துவிட்டு, நல்ல கருப்பட்டியாக இரண்டு கிலோ சொல்லிவிடுங்கள் என்றாராம். நான் மெனக்கெட்டு உடன்குடிக்குப் பேருந்து ஏறிப் போய் வாங்கி வந்து உம்மிடம் கொடுத்தேன். சிரித்த சிரிப்பில் உமக்கு வாயிலிருந்த மக்ரூன் புரையேறிவிட்டது. சர்க்கரை வியாதிக்காரனுக்கு மக்ரூன் எதற்கு என்று நான் திட்டாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அப்படி ஒருநாள்தான் நீர் சொன்னீர்: "ஆளு செத்தா மறுநாளே பதிவேடும் செத்துரும் அண்ணாச்சி. அதுக்கு முந்தி ஒரு படம் எடுத்து வச்சிருங்க."

அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

சிறைக்குள் வருகிற ஒவ்வொருவனையும் வாசலில் வைத்து, உடம்பைப் பார்த்து, காயம் உண்டா இல்லையா என்று சேர்க்கைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அவன் அடி வாங்கியது வெளியிலா உள்ளேயா என்பதற்குப் பிற்பாடு அது ஒன்றுதான் சாட்சி. என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. முருகேசன் வந்த அன்றும் நான்தான் எழுதினேன். உப்பளத் தொழிலாளி, முப்பது வயது இருக்கும். சாராயக் கடைச் சண்டையில் யாரையோ பிடித்துத் தள்ளிய வழக்கு. 'உள்ளங்கால்களில் உப்புப் புண். வேறு காயம் ஏதும் இல்லை' என்று எழுதி, அவன் இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் உருட்டிப் பதித்தேன்.

சாயங்காலம் எண்ணிக்கைக்கு எல்லாரும் இரண்டிரண்டு பேராகக் குத்தவைத்து உட்கார வேண்டும். உப்புப் புண் காலோடு அவனால் உட்கார முடியவில்லை. நின்றான். "ஏலே, உக்காருல" என்று முதலில் சத்தம் போட்டதும் நான்தான். ஜெயிலர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். மூன்று பேர் அடித்தார்கள். அடி விழும்போதெல்லாம் அவன் தன் காலைத்தான் காட்டினான், நெஞ்சைப் பொத்திக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் அவன் எழுந்திருக்கவில்லை என்றதும், உம் சொல் ஞாபகம் வந்து அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து உமக்கு அனுப்பினேன். மத்தியானம் அவன் செத்துப்போனான்.

அன்றைக்கே ஜெயிலர் தம் அறையில் ஒரு புதுப் பதிவேட்டை என் முன்னால் வைத்தார். அந்த மாதத்துச் சேர்க்கை முழுவதையும் முதலிலிருந்து திருப்பி எழுதச் சொன்னார். எழுதினேன். ஒரே நாளில் எழுதியதாகத் தெரியக் கூடாதே என்று, யாரும் சொல்லாமலே, நாளுக்கு ஒரு பேனாவாக மாற்றி மாற்றி எழுதினேன். வேலையில் நான் அவ்வளவு சுத்தம். முருகேசன் பெயர் வந்தபோது, 'மார்பிலும் முதுகிலும் காயங்கள். கேட்டதற்கு, பிடிபடுமுன் ஓடும்போது விழுந்ததாகச் சொன்னார்' என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ரேகைக்கு, உள்ளே இருந்த கைதிகளையே வரிசையில் நிறுத்தி விரலைப் பதித்தோம். முருகேசன் உடம்பு அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது, செத்தவன் விரலுக்கு எங்கே போவது? யாருடையதையாவது வை என்றார் ஜெயிலர். நான் என் இடது கட்டைவிரலை வைத்தேன், வே.

இந்த விரல் விஷயத்தை உம்மிடம் சொல்ல எனக்கு நான்கு நாள் இருந்தது. சொல்லவில்லை. பதிவேடு மாறியதையும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் உம் கட்டுரை, நான் அனுப்பிய படத்தோடு வெளியானது. ஊரே பேசியது. நீர் அன்று கூப்பிட்டு, "அண்ணாச்சி, இந்தத் தடவ தப்பிக்கவே முடியாது" என்றீர். யாரால் என்று நீர் சொல்லவில்லை.

படத்தில் இருக்கும் கையெழுத்து யாருடையது என்று ஜெயிலருக்குத் தெரியாதா? என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காப்பி வாங்கிக் கொடுத்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்துப் போன நான் அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம்தானே இருக்கிறது என்றார். மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன் என்றார். விசாரணை அதிகாரி வந்து உம் படத்தை என் முன்னால் நீட்டியபோது, "எழுத்து என்னுது மாரி இருக்கு. ஆனா நான் எழுதல" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தால் உம் படம் போலியாகிவிட்டது. அரசு ஆவணத்தைப் போலியாகத் தயாரித்தார் என்று உம்மைக் கைது செய்தார்கள். படத்தைக் கொடுத்தது யார் என்று சொன்னால் விட்டுவிடுகிறோம் என்று உம்மிடம் மூன்று நாள் கேட்டார்களாம். எவனோ ஒரு கோழைக்காக நீர் வாயைத் திறக்கவில்லை.

உம்மை எங்கள் சிறைக்கே கொண்டுவந்தார்கள். ஜெயிலர் அன்று வாசல் மேசையில் என்னைத்தான் உட்கார வைத்தார். எழுத்து நன்றாக இருக்கிறவன் நீதானே என்றார். என்ன எழுத வேண்டும் என்பதையும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக் கொடுத்தார்.

நீர் நேராக, விறைப்பாக நடந்து வந்தீர். என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பெயர், தகப்பனார் பெயர், வயது, ஊர் என்று கேட்கவும் நீர் சொல்லவும் நான் எழுதவுமாகப் போனது. காயம் என்ற இடம் வந்தது. நான் உம்மைப் பார்க்காமல் எழுதினேன்: 'வலது முழங்காலில் வீக்கம். நடக்கும்போது நொண்டுகிறார்.' அதிகாரிகளின் மேசையில் கிடக்கும் தாளைத் தலைகீழாக வாசிக்கப் பழகிய ஆள் நீர். வாசித்துவிட்டீர். இல்லாத காயத்தை முன்கூட்டியே எழுதி வைத்தால் என்ன அர்த்தம் என்பதை உமக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே, பல வருடத்துக்கு முன்னால், கடற்கரையில் வைத்து, பெருமையாக.

நீர் குனிந்து உம் வலது முழங்காலை ஒரு தடவை பார்த்தீர். அப்புறம் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டீர்: "இன்னைக்கா, நாளைக்கா அண்ணாச்சி?"

நான் மைப்பெட்டியைத் திறந்தேன். கையை நீட்டச் சொன்னேன். நீட்டினீர். உம் கட்டைவிரலைப் பிடித்து மையில் உருட்டினேன். ரேகை சுத்தமாக விழுந்தது.

மறுநாள் பதினொரு மணிக்கு உம்மைச் சமையற்கூடத்துக்குப் பின்னால் கூட்டிப் போனார்கள். தண்ணீர் மோட்டாரைப் போடு என்று எனக்கு உத்தரவு வந்தது. அந்த மோட்டார் சத்தத்தில் பக்கத்தில் பேசினால்கூடக் கேட்காது. போட்டேன். தொட்டி நிறைந்து வழிந்தது, தண்ணீர் முற்றத்தில் ஓடி வாசல்வரை வந்தது. நிறுத்து என்று சொல்ல ஆள் வரும்வரை நான் நிறுத்தவில்லை. எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்காதீர், கடிகாரத்தைப் பார்க்கும் தைரியம்கூட எனக்கு இல்லை.

இருபத்தேழு நாள் கழித்து ஜாமீனில் போனீர். நான் வாசலில் நின்று, நீர் பேருந்து நிறுத்தம்வரை நடப்பதைப் பார்த்தேன். பதிவேட்டில் எழுதியிருந்த மாதிரியே நொண்டினீர். உம் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் அந்த முழங்காலைக் காட்டியபோது, வரும்போதே இருந்தது என்று என் எழுத்தைக் காட்டினார்கள். அதற்கு யாரும் மறுபேச்சுப் பேச முடியவில்லை.

வெளியே வந்தபின் நீர் சிறைக்குள் பார்த்ததையெல்லாம் ஏழு வாரம் தொடராக எழுதினீர். சமையல்காரனைப் பற்றி எழுதினீர், காசநோய்க்காரனைப் பற்றி எழுதினீர், பல்லியைப் பற்றிக்கூட எழுதினீர். ஒவ்வொரு வாரமும் என்னைத் தேடித் தேடிப் படித்தேன். எங்கேயும் நான் இல்லை. முதலில் நிம்மதியாக இருந்தது. ஏழாவது வாரம் அவமானமாக இருந்தது. ஒருநாள் மீன் சந்தைக்குப் பக்கத்தில் நேருக்கு நேர் வந்துவிட்டோம். நீர் கம்பை ஊன்றி நின்று, என் தோளுக்கு மேலாக எங்கேயோ பார்த்தீர். கூட்டத்தில் யாராவது நம்மைச் சேர்த்துப் பார்த்துவிட்டால் எனக்கு ஆபத்து என்று அப்போதும் எனக்காகத்தான் அப்படிச் செய்தீர். நான் நன்றி சொல்லாமல், நண்டு விலை கேட்கப் போனேன்.

அந்த முழங்கால் மூன்று வருடமாக ஆறவே இல்லை. சர்க்கரை உடம்பு. புண் வைத்து, சீழ் பிடித்து, காலை எடுத்தார்கள். அதற்கப்புறம் நான்கு மாதம். குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டதால் வழக்கு முடிந்தது என்று ஒரு வரியில் தீர்த்தார்கள். நிரபராதி என்று யாரும் சொல்லவில்லை. போலி ஆவணம் தயாரித்த நிருபர் என்றுதான் இன்றைக்கும் உம் பெயரைத் தட்டினால் கைபேசியில் வருகிறது. உம் அடக்கத்துக்கு நான் வரவில்லை. அதற்குள் ஓய்வு பெற்றிருந்தேன், வேலை போகும் பயம்கூட இல்லை. ஆனாலும் வரவில்லை.

உம் முதலாம் ஆண்டு நினைவு ஜெபத்துக்கு ஒரு வாரம் முன்னால் உம் மனைவி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் எழுந்து நின்றேன். நாற்காலியை அவர் பக்கமாகத் தள்ளினேன், அவர் உட்காரவில்லை. அழைப்பிதழைக் கொடுத்துவிட்டு, "நீங்க வரணும்னு அவிய சொல்லிட்டுப் போயிருக்காவ. உங்கட்ட ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னும் சொல்லிட்டுப் போயிருக்காவ" என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். நீர் இரக்கப்பட்டு அப்படிச் சொன்னீரா, பழி தீர்க்கச் சொன்னீரா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உம் குணத்துக்கு இரண்டுமே பொருந்தும்.

போனேன். நாசரேத்தில் உம் பூர்வீக வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். பாட்டும் ஜெபமும் முடிந்து இலை போட்டார்கள். உம் மனைவி என்னை யாரிடமும் பெயர் சொல்லி அறிமுகம் செய்யவில்லை, உம் கூட்டாளி என்று மட்டும் சொன்னார். சோறு பரிமாறிக்கொண்டு வந்தவள் முருகேசன் பெண்டாட்டி பேச்சியம்மாள். தாலி அறுத்தபின் அவளுக்கு ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமையல் வேலை வாங்கிக் கொடுத்தது நீர்தானாம். அவள் புருசன் உள்ளே இருந்தது ஒரே ஒரு நாள், மனு பார்க்கக்கூட அவளுக்கு வாய்க்கவில்லை. அதனால் என் முகம் அவளுக்குத் தெரியாது.

என் இலைக்கு முன்னால் குனிந்து, சோற்றை வைத்துவிட்டு, அவள் நகராமல் நின்றாள். "அண்ணாச்சி, நீங்க சார்வாளுக்குக் கூட்டாளியாமே. எம் புருசன் வரும்போதே அடிபட்டுத்தான் வந்தாவன்னு சொல்லுதாவ. சாரு பொய்யா எழுதிட்டாவன்னும் சொல்லுதாவ. எம்புள்ள கேக்கான், நான் என்னத்தச் சொல்ல? உங்களுக்குத் தெரியும்லா?" என்றாள்.

தெரியும், தாயே, நான்தான் எழுதினேன், இரண்டையும் நான்தான் எழுதினேன், இரண்டாவதில் இருப்பது என் விரல், எந்த நீதிமன்றத்தில் வேண்டுமானாலும் வைத்துப் பார்க்கலாம் என்று சொல்ல எத்தனை மூச்சு வேண்டும்? ஒன்று போதும். ஓய்வூதியத்தை நிறுத்துவார்கள், மிஞ்சிப்போனால் உள்ளே வைப்பார்கள். உம் பெயரும் அவள் புருசன் சாவும் அந்த ஒரு மூச்சில் நேராகியிருக்கும். பந்தலின் அந்தக் கோடியில் உம் மனைவி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்க மாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார், பேச்சியம்மாள் கொடுக்கவில்லை.

நான் இலையைப் பார்த்துக்கொண்டு, "கொழம்பு கொஞ்சம் ஊத்தும்மா" என்றேன்.

ஊற்றினாள். நல்ல ஆட்டுக்கறிக் குழம்பு, வே. பிசைந்து சாப்பிட்டேன். ஒரு பருக்கை மீதம் வைக்கவில்லை. அந்தச் சோறு தொண்டையில் நின்றுவிட்டது, வயிற்றில் இன்னும் கல்லாகக் கிடக்கிறது என்று எழுதினால் நீர் ஒரு கோடு இழுத்து அடித்துவிடுவீர், பொய் எழுதினால் உமக்குப் பிடிக்காது. அன்று பேருந்தில் ஊர் வந்து சேர்வதற்குள் எனக்குச் செரித்துவிட்டது. உம் வீட்டுச் சோறு அப்படிச் செரித்துப்போனதைத்தான் நான் இன்றுவரை சுமக்கிறேன்.